பேரிக்காய் மரம் பூக்கிறது, காய்க்கவில்லை: மகரந்தச் சேர்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. இரண்டு வாரத்தில் எல்லாம் கொட்டிவிடுகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் மரத்தில் தவறில்லை. பூவுக்குச் சரியான மகரந்தம் வந்து சேரவில்லை. பேரியில் காய் பிடிக்க மூன்று விஷயங்கள் ஒரே சமயத்தில் கூடிவர வேண்டும். அதே நாட்களில் பூக்கும் வேறொரு ரக மரம் அருகில் இருக்க வேண்டும். அதன் மகரந்தத்தை இந்த மரம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தத் தூளைச் சுமந்துவர ஒரு பூச்சியோ உங்கள் கையோ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் பூ உதிரும். உரம் போடுவதாலும் தண்ணீர் கூட்டுவதாலும் இது சரியாகாது. ஆனால் பலரும் முதலில் செய்வது அதைத்தான்.

பூக்கள் எல்லாமே காயாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நன்றாகப் பூத்த மரத்தில் நூறு பூவுக்கு ஐந்து முதல் பத்து நின்றாலே அது முழு விளைச்சல்.

ஒரே மரம் வைத்தால் ஏன் காய்ப்பதில்லை? ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கிறதே?

இருக்கிறது. ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள். ஐந்து வெள்ளை இதழ், அவற்றுக்குள் இருபது முதல் முப்பது வரை மெல்லிய காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்பு அல்லது கருஞ்சிவப்பில் ஒரு மகரந்தப்பை. நடுவில் வெளிர்பச்சையாக ஐந்து சூல்தண்டுகள். மகரந்தம் விழ வேண்டிய இடம் அந்த ஐந்தின் நுனிகள்தான். அடியில் ஐந்து அறைகள், அறைக்கு இரண்டு சூல் என மொத்தம் பத்து விதை உருவாகலாம்.

தன் மகரந்தம் தன் நுனியில் விழுந்தாலும் முளைக்கும். முளைத்து மெல்லிய குழாயாகச் சூல்தண்டுக்குள் இறங்கத் தொடங்கும். பாதி வழிகூடப் போகாது. சூல்தண்டில் இருக்கும் ஒரு நொதி அந்தக் குழாயைத் தாக்கி வளர்ச்சியை நிறுத்திவிடும். ஒவ்வொரு ரகத்துக்கும் மரபணுவில் இரண்டு அடையாளக் குறிகள் உண்டு. மகரந்தத்தூள் அதில் ஒன்றைச் சுமந்து வருகிறது. வரும் தூளின் குறி பூவின் இரண்டு குறிகளில் எதனோடாவது ஒத்துப்போனால் அதற்கு அனுமதி இல்லை. உறவுக்குள்ளேயே விதை உண்டாகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. நர்சரியில் வாங்கும் கன்றுகள் ஒட்டுக்கன்றுகள். ஒரு ரகத்தின் எல்லா ஒட்டுக்கன்றுகளும் மரபில் ஒரே மரம். ஆகவே ஒரே ரகத்தில் பத்து மரம் நட்டாலும் மகரந்தக் கணக்கில் அது ஒரு மரம்தான்.

அப்படியானால் எந்த இரண்டு ரகம் வைத்தாலும் போதுமா?

பெரும்பாலும் போதும். விதிவிலக்குகள் மட்டும் நினைவில் இருக்கட்டும், ஏனென்றால் அவை அதிகம் விற்கும் ரகங்களிலேயே வருகின்றன.

வில்லியம்ஸ், பார்ட்லெட் என்று இரண்டு பெயரில் விற்பது ஒரே ரகம். இங்கிலாந்தில் வில்லியம்ஸ், அமெரிக்காவில் அதைப் பரப்பியவரின் பெயரால் பார்ட்லெட். இரண்டையும் வாங்கி ஜோடி சேர்ந்துவிட்டது என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

பார்ட்லெட்டும் செக்கலும் வெவ்வேறு ரகங்கள், பழமும் வேறு மாதிரி. ஆனால் இரண்டு அடையாளக் குறிகளும் ஒன்றேதான். ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு உதவாது. இரண்டும் வைத்திருந்தால் மூன்றாவதாக ஒரு ரகம் கட்டாயம். லூயி பான் ரகமும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

மேக்னஸ் ரகம் நல்ல மகரந்தம் தருவதில்லை. பிறரிடமிருந்து வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. கட்டிலாக், ஜார்கோனெல், மெர்ட்டன் பிரைடு போன்றவை மும்மடி ரகங்கள். சாதாரண ரகத்தில் குரோமோசோம் 34, இவற்றில் 51. அவற்றின் மகரந்தமும் பெரும்பாலும் மலடு. இப்படிப்பட்ட ஒன்றை வைத்தால் தோட்டத்தில் இன்னும் இரண்டு ரகம் இருக்க வேண்டும். அந்த இரண்டும் தமக்குள் மகரந்தம் பரிமாறிக்கொள்ளும், மும்மடி ரகம் இரண்டிடமும் பெற்றுக்கொள்ளும்.

நம்பி நடக்கூடிய ஜோடி என்றால் கான்பரன்ஸ், வில்லியம்ஸ். இரண்டும் நடுப்பருவத்தில் ஏறத்தாழ ஒன்றாகப் பூக்கும், இரண்டுக்கும் மகரந்தம் நல்லது. காமிஸ் சற்றுத் தாமதமாகப் பூக்கும். அதற்குக் கான்பரன்ஸின் கடைசிப் பூக்கள் கைகொடுக்கும், கான்கார்டு இன்னும் நன்றாகப் பொருந்தும். குளிர் குறைந்த இடங்களுக்கு ஹூட், ஃப்ளோரடாஹோம் ஜோடி பொருத்தம்.

பூக்கும் காலம் எவ்வளவு ஒத்துப்போக வேண்டும்?

ஒரு மரம் பூவில் இருக்கும் காலம் ஒன்றரை முதல் இரண்டு வாரம். ஆனால் தனிப்பூ ஒன்று மகரந்தத்தை நன்றாக ஏற்பது மலர்ந்த முதல் மூன்று நாள்தான். அதன்பின் வந்த மகரந்தம் முளைத்தாலும், அதன் குழாய் அடியை எட்டுவதற்குள் சூல் முதுமையடைந்துவிடும். ஆகவே இரண்டு மரமும் பாதிக்கு மேல் பூத்து நிற்கும் நாட்கள் குறைந்தது நான்கைந்தாவது ஒன்றுசேர வேண்டும். நர்சரிப் பட்டியலில் 'நடுப்பருவம்' என்று இருப்பது பழம் பழுக்கும் பருவமா, பூக்கும் பருவமா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு.

'தனியாகவே காய்க்கும்' என்று சொல்லி ஒரு கன்று தந்தார்கள். நம்பலாமா?

பாதி நம்பலாம். கான்பரன்ஸ், கீஃபர் போன்றவை துணையில்லாமலும் ஓரளவு காய்க்கும். கான்பரன்ஸில் கருவுறாமலேயே உருவாகும் பழங்கள் பல உண்டு. உள்ளே விதை இருக்காது. உருவம் பேரிபோல் அடிபருத்து இல்லாமல், வாழைக்காய்போல் நீண்டு வளைந்திருக்கும். தின்ன நன்றாகவே இருக்கும். ஆனால் துணை மரம் இருக்கும் ஆண்டில் காயின் எண்ணிக்கையும் பருமனும் கண்கூடாகக் கூடும். பார்ட்லெட்டும் வெப்பமான இடங்களில் விதையில்லாப் பழம் தருவதுண்டு, குளிர்ந்த இடங்களில் அப்படிச் செய்யாது. இடம் இருந்தால் இரண்டாவது ரகம் வையுங்கள் என்பதுதான் எங்கள் பதில்.

ஆசியப் பேரியும் ஐரோப்பியப் பேரியும் ஒன்றுக்கொன்று உதவுமா?

இனச்சேர்க்கைக்குத் தடையில்லை. நாள்தான் இடிக்கும். உருண்டையாக, மொறுமொறுப்பாக இருக்கும் ஆசிய ரகங்கள் பொதுவாக முன்னதாகப் பூத்துவிடும். முன்னதாகப் பூக்கும் ஐரோப்பிய ரகம் ஒன்று இருந்தால் கொஞ்சம் பலன் கிடைக்கும். ஆசிய மரத்துக்கு இன்னொரு ஆசிய மரமே நல்ல துணை. ஹோசுயி, நிஜிஸ்ஸெய்கி இரண்டையும் சேர்த்து வைக்கலாம். நிஜிஸ்ஸெய்கியிலிருந்து தோன்றிய ஓசா நிஜிஸ்ஸெய்கி தன் மகரந்தத்தையே ஏற்கும்.

பக்கத்தில் ஆப்பிள் மரம் இருக்கிறது. அது போதாதா?

போதாது. ஆப்பிள் மகரந்தத்தால் பேரி காய்க்காது.

எத்தனை அடி தூரத்துக்குள் துணை மரம் இருக்க வேண்டும்?

பதினைந்து மீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. முப்பது மீட்டர் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் வானிலை நன்றாக இருக்கும் ஆண்டில் மட்டும் பலன் கிடைக்கும். பக்கத்து வீட்டு மரமும் கணக்கில் சேரும். அதன் ரகம் என்ன, எப்போது பூக்கிறது என்று ஒரு பருவம் கவனித்துக் குறித்துவையுங்கள்.

இரண்டாவது மரத்துக்கு இடமே இல்லை.

இரண்டு வழி உண்டு. நிரந்தர வழி ஒட்டுக்கட்டுவது. மரம் உறக்கத்தில் இருக்கும்போது வேறொரு ரகத்திலிருந்து பென்சில் பருமனுள்ள, முந்தைய ஆண்டு வளர்ந்த குச்சியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டிக்குள் ஆப்பிள் முதலிய பழங்கள் இருக்கக் கூடாது. அவை விடும் வாயு மொட்டைக் கெடுக்கும். மொட்டுகள் உப்பத் தொடங்கும்போது உங்கள் மரத்தின் வெயில் படும் மேல்கிளை ஒன்றில் ஒட்டுங்கள். இரண்டு மூன்று ஆண்டில் அந்தக் கிளை பூக்கும். அதில் ஒரு வண்ணக் கயிறு கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் கவாத்துச் செய்யும்போது அதையே வெட்டிவிடுவீர்கள். இப்படிப் போன ஒட்டுக்கிளைகள் கணக்கில்லை.

உடனடி வழி வாளி. யாரிடமாவது வேறு ரகத்தில், பாதி மலர்ந்தும் பாதி மொட்டாகவும் இருக்கும் கிளைகளை முழங்கை நீளத்தில் வெட்டி வாங்கி, தண்ணீர் நிறைந்த வாளியில் நிறுத்தி, மரத்தின் நடுவில் பூக்களின் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றினால் நான்கைந்து நாள் தாங்கும். தேனீ வருகிற இடத்தில் மட்டுமே இது பயன்படும்.

தேனீக்கள் தோட்டத்துக்கு வருகின்றன. ஆனால் பேரிப் பூவில் உட்காருவதில்லையே?

நீங்கள் பார்த்தது சரி. பேரிப் பூவின் தேன் அளவிலும் குறைவு, இனிப்பிலும் குறைவு. கடுகுப் பூவோ டான்டலியன் பூவோ அருகில் விரிந்திருந்தால் தேனீ அங்கேதான் போகும். பேரியிடம் மகரந்தம் தாராளமாக உண்டு. மகரந்தம் தேடி வரும் தேனீக்கள்தான் பேரிக்கு நல்ல வேலை செய்பவை.

மரத்தடியில் பூத்திருக்கும் களைகளைப் பேரி மலரும் வாரத்தில் அறுத்துவிடுங்கள், மாலையில் தேனீக்கள் போனபின். கூட்டை வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பதாக இருந்தால் முன்கூட்டியே வைக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கு பூ விரிந்தபின் வைத்தால், வேறு பூவுக்குப் பழகிவிடுவதற்குள் பேரியைக் கண்டுகொள்ளும்.

பேரி, ஆப்பிளுக்கு முன்பே பூக்கிறது. அந்த நாட்களின் குளிர் தேனீக்கு ஒத்துவராது. ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது அதிகம் பறப்பதில்லை. பெரிய மயிரடர்ந்த பம்பிள் தேனீயும், துளைகளில் மண்பூசிக் கூடுகட்டும் மேசன் தேனீயும் அதைவிடக் குளிரிலும் வெளியே வரும். மேசன் தேனீக்கு 8 மில்லிமீட்டர் குறுக்களவும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள, ஒருமுனை அடைத்த நாணல் குழல்களைக் கட்டாகக் கட்டிக் காலை வெயில் படும் சுவரில் வையுங்கள். அருகில் கொஞ்சம் ஈரக்களிமண் இருக்கட்டும்.

கையால் மகரந்தம் சேர்ப்பது எப்படி?

ஒன்றிரண்டு மரத்துக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஹான்யுவான் பகுதியில் பேரித் தோட்டங்களுக்கே இப்படித்தான் செய்கிறார்கள்: மரத்தில் ஏறி, மூங்கில் கழியின் நுனியில் கட்டிய கோழி இறகால் பூவைத் தொட்டுத் தொட்டுப் போவார்கள்.

முதலில் மகரந்தம் எடுக்க வேண்டும். துணை ரகத்தில், நாளை விரியும் என்ற நிலையில் பந்துபோல் உப்பி நிற்கும் மொட்டுகளைப் பறியுங்கள். விரிந்த பூ வேண்டாம். அதன் தூளைப் பூச்சிகள் கொண்டுபோயிருக்கும். ஐம்பது மொட்டு ஒரு சிறிய மரத்துக்குப் போதும். இதழ்களை நீக்கி, மாவு சலிக்கும் சல்லடையில் மொட்டை மெதுவாகத் தேய்த்தால் சிவந்த மகரந்தப்பைகள் கீழே உதிரும். அவற்றை வெள்ளைத் தாளில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, நேர் வெயில் படாத, காற்று வீசாத அறையில் 20 முதல் 25 டிகிரியில் ஒரு நாள் விடுங்கள். மறுநாள் பைகள் வெடித்துக் கறுத்துச் சுருங்கியிருக்கும், தாளில் வெளிர்மஞ்சள் தூள் படிந்திருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டியது. சீக்கிரம் காய வேண்டும் என்று அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்தால் தூள் செத்துவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, அதுதான் ஆபத்து.

பிறகு மென்மையான ஓவியத் தூரிகையால், அல்லது பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பரால், தூளைத் தொட்டுப் பூ நடுவில் உள்ள ஐந்து நுனிகளிலும் படும்படி ஒற்றுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஐந்தில் இரண்டை விட்டுவிட்டால் அந்தப் பக்கத்து அறைகளில் விதை குறையும், பழம் ஒருபக்கம் சப்பையாக வளரும். காலைப் பனி உலர்ந்தபின் தொடங்கி மதியம் வரை செய்யலாம். 15 டிகிரிக்கு மேல் இருக்கும் நாள் நல்லது.

எந்தப் பூ புதியது என்று பார்த்தாலே தெரியும். மகரந்தப்பைகள் சிவப்பாக இருந்தால் இன்றோ நேற்றோ விரிந்தது. எல்லாம் கறுத்திருந்தால் தாண்டிப் போங்கள். பேரிக் கொத்தில் வெளிவட்டப் பூக்கள் முதலில் விரியும் (ஆப்பிளில் நடுப்பூ முதலில்). கொத்துக்கு இரண்டு மூன்று பூ தொட்டால் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை செய்யுங்கள்.

மகரந்தத்தைச் சேமித்து வைக்கலாமா?

துணை மரம் முன்னதாகப் பூத்துவிடுகிற வீடுகளுக்கு இதுதான் தீர்வு. காய்ந்த தூளைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, குப்பியை மூடாமல், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு பெரிய டப்பாவில் வைத்து, டப்பாவை இறுக மூடுங்கள். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். உறைபெட்டியில் அடுத்த ஆண்டு வரைகூட இருக்கும். எடுக்கும்போது மூடியபடியே அறையின் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு திறங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படிந்து தூள் கட்டிபிடிக்கும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை கரைத்து, அதில் ஒரு துளியில் தூளைத் தூவி, அறையின் சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பாருங்கள். நல்ல தூளில் வால்போலக் குழாய் நீண்டிருக்கும்.

பூக்கும்போது மழை, குளிர். என்ன ஆகும்?

மழையில் பூச்சி வராது, தூளும் கழுவிப்போகும். குளிர் வேறுவிதமாகக் கெடுக்கிறது. வெதுவெதுப்பான நாட்களில் மகரந்தக் குழாய் மூன்று நான்கு நாளில் சூலை எட்டும். குளிரில் பத்து நாள்வரை இழுக்கும், அதற்குள் சூல் கெடும்.

உறைபனி விழுந்தால் கணக்கு இன்னும் கடுமை. முழுதாக விரிந்த பூக்களில் -2 டிகிரியில் பத்தில் ஒன்று சாகும், -4.5 டிகிரிக்கு அருகில் பத்தில் ஒன்பது சாகும். இதழைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது வெள்ளையாகவே இருக்கும். மறுநாள் மதியம் சில பூக்களைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுத்தண்டும் அடியும் பச்சையாக இருந்தால் பிழைத்தது, கறுத்திருந்தால் போயிற்று. சிறிய மரத்தை இரவில் துணியால் தரைவரை மூடலாம். காலையில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி உள்ளே வராது.

பூவும் கொத்தும் எரிந்ததுபோல் கறுத்துவிட்டன. பனியா, நோயா?

பனி இரவு எதுவும் இல்லாமல், 18 டிகிரிக்கு மேல் சூடும் ஈரமும் சேர்ந்த நாட்களுக்குப் பிறகு இப்படி ஆனால் தீக்கருகல் நோயைச் சந்தேகியுங்கள். எர்வினியா அமைலோவோரா என்ற பாக்டீரியா பூ வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறது. பூ நீர்கோத்ததுபோலாகி, பழுப்பேறிக் கறுத்து, காம்பு வழியாகக் கிளைக்குள் இறங்கும். தளிர் நுனி கொக்கிபோல் வளைந்து தொங்கும். கருகிய இடத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே நல்ல பகுதியில் வெட்டி அகற்றுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். நோயுள்ள மரத்திலிருந்து மகரந்தமோ வாளிக் கிளையோ எடுக்கவே கூடாது, அங்கே தொட்ட தூரிகையும் வேண்டாம்.

பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடிக்கலாமா?

கூடாது. முதல் பூ விரிந்ததிலிருந்து கடைசி இதழ் உதிரும்வரை எதுவும் வேண்டாம்.

மரம் பூக்கவே இல்லை என்றால்?

அது மகரந்தப் பிரச்சினை இல்லை. குயின்ஸ் என்ற, பேரிக்கு உறவான சிறு மரத்தின் வேரில் ஒட்டிய கன்று மூன்று நான்கு ஆண்டில் பூக்கும், விதைநாற்று வேரில் ஒட்டியது ஏழெட்டு ஆண்டுகூட எடுக்கும். தழைச்சத்து அதிகமானால் இலைதான் வரும். பூ வரும் குட்டைக் கிளைகளைக் கவாத்தில் வெட்டிவிட்டாலும் பூக்காது. ஐரோப்பிய ரகங்கள் பலவற்றுக்கு 7 டிகிரிக்குக் கீழே 600 மணி நேரத்துக்கு மேல் குளிர் தேவை. அது குறைந்தால் பூ வராது, அல்லது மாதக்கணக்கில் இங்கொன்று அங்கொன்றாக வரும். அப்போது துணை மரத்தோடு நாளும் ஒத்துப்போகாது.

பிஞ்சு பிடித்தது. கோலி அளவுக்கு வந்தபின் உதிர்கிறது.

உதிர்ந்தவற்றில் பத்தை எடுத்துக் குறுக்காக வெட்டுங்கள். விதை ஒன்றுமில்லை, அல்லது எல்லாம் சப்பையாக இருக்கிறது என்றால் மகரந்தம் போதவில்லை. நல்ல விதைகள் ஐந்தாறு இருந்தும் உதிர்ந்தால் தண்ணீர்த் தட்டுப்பாடு, அல்லது மரம் தாங்காத பாரம். உள்ளே புழுவின் பாதை தெரிந்தால் காரணம் அதுவே. போரான் குறைந்த மண்ணில் மகரந்தம் சரியாக முளைக்காமல் பூவே காய்ந்துபோவதுண்டு. ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் போரான் போடாதீர்கள், கொஞ்சம் கூடினாலும் மரத்துக்கு நஞ்சு.

வேறு ரக மகரந்தம் விழுந்தால் பழத்தின் சுவை மாறிவிடுமா?

மாறாது. சதை தாய்மரத்துடையது. விதையில் மட்டும்தான் கலப்பு இருக்கும்.

கையால் சேர்த்ததில் கொத்துக்கு நான்கு ஐந்து நின்றுவிட்டது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். பெரிய பழமுள்ள ரகங்களில் கொத்துக்கு ஒன்று, சிறிய பழமுள்ளவற்றில் இரண்டு. தானாக உதிர வேண்டியது உதிர்ந்து முடியும்வரை பொறுத்து, நன்றாக உருண்டு வளர்ந்ததை வைத்துக்கொண்டு, கோணலானதையும் சிறியதையும் காம்பின் நடுவில் கத்தரியால் வெட்டுங்கள். பிய்த்து இழுத்தால் அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய குட்டைக் கிளையும் கையோடு வந்துவிடும். பழத்துக்கும் பழத்துக்கும் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஆசிய ரகங்களில் இன்னும் தாராளமாகக் கழியுங்கள். பாரத்தோடு விட்டால் பழம் எலுமிச்சை அளவில் நின்றுவிடும், அடுத்த ஆண்டு மரம் பூக்கவும் தயங்கும்.